தண்டில் எழுந்த பேராலய நகர்

இங்கிலாந்தில் வெல்ஸ், ஈலி போன்ற சிற்றூர்கள் பேராலய நகர்கள் என்று பெயர் பெற்றவை; பேராயரின் இருக்கை அமைந்த தலைமைத் தேவாலயமே பேராலயம் எனப்படுவதால், அதன் கோபுரத்தைச் சுற்றிப் புல்வெளியும் பள்ளியும் குருமார் இல்லங்களும் சந்தையும் வளர்ந்து, ஒரு பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய அளவில் அவை அமைந்துவிட்டன. அத்தகைய ஊரின் நினைவைச் சுமந்து வந்த ஆங்கிலேயர், தென்னிந்தியாவில் அதை மீண்டும் உருவாக்க முனைந்த இடங்களுள் முதன்மையானது பெங்களூர்க் கண்டோன்மென்ட். படை முகாமைக் குறிக்கும் தண்டு என்ற பெயரிலேயே கன்னடரும் தமிழரும் அதை இன்றும் அழைக்கின்றனர். ஆனால் அந்த ஊரை ஆங்கிலேய ஊராக மட்டும் எழுதி வந்த வரலாறு பாதி வரலாறே. அதன் மறுபாதி தமிழருடையது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிறுத்தப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, காவிரிக் கரையின் காய்ச்சலால் ஓயாமல் உயிர்களை இழந்ததால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூருக்கு 1809ஆம் ஆண்டளவில் மாற்றப்பட்டது. வந்தது சென்னை மாகாணப் படை என்பதால் அதனுடன் தமிழும் வந்தது. சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்ணார், கொத்தனார், தச்சர், தானிய வணிகர், எழுத்தர் எனப் படையைப் பின்தொடர்ந்து வாழ்ந்த மக்கள் ஆற்காடு, வேலூர், சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து அல்சூரிலும், இன்று சிவாஜிநகர் எனப்படும் பழைய பிளாக்பள்ளியிலும் தங்கினர். 1834இல் பெங்களூரைத் தலைமையிடமாக்கிக்கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படைப்பிரிவின் வீரர்களுக்கு இந்திய இராணுவத்தில் இன்றளவும் தம்பி என்பதே செல்லப்பெயர்.

படை வந்து சேர்ந்த அதே காலத்தில் தேவாலயமும் எழத் தொடங்கியது. 1808இல் பணி தொடங்கி 1812இல் முடிந்த புனித மாற்கு ஆலயம், கம்பெனிப் படையினரின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்டது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் சாயலில் குவிமாடத்துடன் அமைந்த அதனை, 1816இல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான தாமஸ் மிடில்டன் பிரதிஷ்டை செய்தார். அன்று இந்தியா முழுவதற்கும் ஆங்கிலிக்கன் பேராயர் அவர் ஒருவரே என்பதைக் கருதினால், ஒரு படைமுகாமின் கோயிலுக்குக் கிடைத்த முக்கியத்துவம் விளங்கும். பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட கட்டடம் 1923இல் தீக்கிரையாகி, 1927இல் மறுபடி எழுந்தது. இன்று மகாத்மா காந்தி சாலையின் மேற்கு முனையில், மரங்களின் நிழலுக்குள் காண்பது அந்த மறுகட்டுமானமே. எனினும் ஆங்கிலேயர் ஆண்ட காலம் முழுவதும் அது பேராலயமாக இருக்கவில்லை. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்த பின்னரே அங்கே பேராயரின் இருக்கை அமைந்தது. பெங்களூரின் ஆங்கிலேயப் பேராலய நகர், ஆங்கிலேயர் புறப்பட்ட பிறகே முழுமை பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

அன்று சவுத் பரேடு எனப்பட்ட அந்தச் சாலை வழியே, அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிக் கிழக்கே சென்றால், அதன் மறுமுனையில் 1851இல் கட்டி முடிக்கப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம் நிற்கிறது. சதுரக் கோபுரமும் தூண் வரிசை தாங்கும் முகப்பும் கொண்ட இவ்வாலயத்தின் உட்சுவர்களில் பதிக்கப்பட்டுள்ள நினைவுக் கற்கள் ஒரு படைப்பிரிவின் ஊழியப் பதிவேட்டுக்கு நிகரானவை. அவற்றுள் தலையாயது, மைசூர்ப் படைக்கோட்டத்தின் தளபதியாக இருந்து 1845 ஜனவரியில் ஜோக் அருவிப் பகுதிக்குச் சென்ற பயணத்தில் இறந்த மேஜர் ஜெனரல் கிளமென்ட் ஹில்லின் வெண்பளிங்குச் சிற்பம். இவர் நெப்போலியனை எதிர்த்த போர்களில் வெலிங்டனின் நம்பிக்கைக்குரிய தளபதியாக விளங்கி, பின்னர் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் தலைமை ஏற்ற ரோலண்ட் ஹில்லின் தம்பி. ஸ்பெயின் களங்களில் அண்ணனின் நேர்முகப் படைத்துணைவராகவே பணியாற்றியவர். 1815இல் வாட்டர்லூவிலும் இருவரும் போரிட்டனர். அண்ணனுக்கு அவர்களது சொந்த மாவட்டமான ஷ்ராப்ஷயரின் ஷ்ரூஸ்பரி நகரில் 1816இல் 133 அடி உயர நெடுந்தூண் எழுப்பப்பட்டது. தம்பிக்கோ, அவர் பிறந்த மண்ணைக் காணாத தமிழரும் கன்னடரும் கடந்து செல்லும் சாலையோர ஆலயத்துக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் கிடைத்தது. ஷ்ரூஸ்பரியும் பிற்காலத்தில், 1856இல், கத்தோலிக்கப் பேராலயம் பெற்ற நகர். ஒரே வீட்டில் பிறந்த இருவரின் நினைவு இவ்வாறு இரண்டு பேராலய நகர்களில் பங்கிடப்பட்டுள்ளது.

பளிங்கில் பெயர் பெற்றவர்கள் தளபதிகளும் அதிகாரிகளும் அவர்களது குடும்பத்தினருமே. சுண்ணாம்பு அரைத்தவர், செங்கல் சுமந்தவர், மரம் இழைத்தவர் எவரும் அச்சுவர்களில் இல்லை. உழைப்பிலிருந்து உயர்ந்து பெயர் நிலைக்கப்பெற்ற தமிழர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர், அட்டாரா கச்சேரி என அழைக்கப்படும் இன்றைய உயர்நீதிமன்றக் கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1827இல் பிறந்த அவர், ஈட்டிய பொருளைக் கொண்டு 1873இல் கண்டோன்மென்டில் ஏழைச் சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரிலான கல்வி நிறுவனங்கள் இன்றும் அங்கே இயங்குகின்றன.

ஆயினும் தண்டின் தமிழர் தங்கள் வழிபாட்டுக்கென எழுப்பிய கோயிலைக் காண வேண்டுமானால் சிவாஜிநகருக்குச் செல்ல வேண்டும். செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவர்களிடமிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் புனித மரியன்னை பங்கு, திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் மைசூர் நாட்டில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு துபுவா அடிகளாரின் காலத்தில் எளிய சிற்றாலயம் ஒன்றைப் பெற்றது. அவ்விடத்தில் கிளைனர் அடிகளாரின் முயற்சியால் 1875இல் தொடங்கப்பட்ட இன்றைய ஆலயம், 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. கூர்நுனி வளைவுகளும் விண்ணோக்கி உயரும் ஊசிக் கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கோதிக் பாணி, ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களுக்கு உரியது. பாணி ஐரோப்பாவினது, உள்ளே இருப்பது வேறு உலகம். சேலை உடுத்தி, மகனைக் கையில் ஏந்திய மாதா சுரூபத்தின் முன் மல்லிகை மாலையும் மெழுகுவர்த்தியும் குவிகின்றன. நேர்ச்சையாகச் சேலை கொண்டுவருவோரில் மாற்றுச் சமயத்தினரும் கணிசமானோர். ஆகஸ்டு 29இல் கொடியேறி, ஒன்பது நாள் நவநாள் வழிபாடு நடந்து, செப்டம்பர் 8 அன்று தேர்ப்பவனியுடன் நிறைவுறும் திருவிழாவில், வேளாங்கண்ணியில் போலவே காவி உடுத்தி நோன்பிருந்து வருவோரைக் காணலாம். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்வாலயத்துக்குப் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதியை வழங்கினார். பசிலிக்கா என்பது திருத்தந்தையின் ஆணையால் தனிப்பெருமை பெறும் கோயிலைக் குறிக்குமேயன்றி பேராயரின் இருக்கையைக் குறிக்காது. கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பேராலயம் கிளீவ்லேண்ட் டவுனில், கருங்கல்லால் கட்டப்பட்ட புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமாகும். ஆகத் தண்டின் எல்லைக்குள் பேராலயங்கள் இரண்டு, பசிலிக்கா ஒன்று. இங்கிலாந்தின் பேராலய நகர்களிலும் இத்தகைய செறிவு அரிது.

1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் மட்டும் சிவில் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்தது. கப்பன் பூங்காவுக்கு அப்பால் கன்னடம் பேசும் பேட்டையும், இப்பால் தமிழும் உருதும் ஆங்கிலமும் கலந்த தண்டும் 1949இல் ஒரே மாநகராட்சியாக இணையும் வரை தனித்தனி நிர்வாகங்களின் கீழ் வாழ்ந்தன. ஆட்சி செய்தோர் கப்பலேறிச் சென்றனர். உடன் வந்த தமிழர் தங்கிவிட்டனர். பல தலைமுறைகளாக அங்கு வாழும் குடும்பங்களுக்கு அது வந்தேறிய ஊர் அன்று, பிறந்த ஊர்.

தளபதிகளின் வரலாற்றைப் பளிங்கு காத்து நிற்கிறது. கொத்தனாரின், சமையற்காரரின், சிப்பாயின் வரலாறு ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளிலும், பழைய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்ட சான்றிதழ்களிலும், படைப்பிரிவு ஓய்வூதியத் தாள்களிலும், மங்கிவரும் புகைப்படங்களிலும்தான் எஞ்சியுள்ளது. அத்தாள்கள் உதிரக்கூடியவை. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் வாழ்ந்த முன்னோரின் தாள்களை வைத்திருக்கும் வாசகர்கள், மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களிடம் பெயரும் ஊரும் உறவும் கேட்டுக் குறித்துவைத்து, அவற்றின் படிகளைத் தத்தம் பங்கு அலுவலகத்திலோ நூலகத்திலோ சேர்க்க வேண்டும்.