ஒரு பந்தியும் இரண்டு பிள்ளைகளும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் மேடைகளில் கொள்கை குறைந்து வசை மிகுவதைக் காண்கிறோம். எதிரணியினரின் திட்டத்தை மறுப்பதினும் அவர்தம் குணத்தைப் பழிப்பது எளிதாயிருக்கிறது. இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. நூறாண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில் மூண்ட பூசலை எண்ணிப் பார்த்தால், பழிப்பேச்சு சிற்றிடைவெளியைப் பெரும் பிளவாக்குவது எவ்வாறு என்பது விளங்கும்.

வ.வே.சு. ஐயர் 1922-இல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வியும் நாட்டுப்பற்றும் அதன் உயிர்நாடி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர இசைந்து, முதற்கண் 5,000 ரூபாய் வழங்கிற்று. பல சாதிப் பிள்ளைகளும் பயின்ற அந்நிலையத்தில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டனர். அவர்களுடைய பெற்றோருக்குத் தாம் கொடுத்த வாக்கு அது என்றார் ஐயர். பொதுப்பணம் பெறும் நிலையத்தில் பிறப்பால் வேற்றுமையா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கேட்டனர்.

நீதியான கேள்வி அது. பந்தியில் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் உள்ளத்துப் புண் எளிதில் ஆறுவதில்லை. இதில் நம் திருச்சபையும் பிறரைச் சுட்டும் நிலையில் இல்லை. 1872-இல் எழுந்த வடக்கன்குளம் கோவிலில் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

செய்தி காந்தியடிகளிடம் சென்றபோது ஒரு சமரச யோசனை பிறந்தது. இனிச் சேர்வோர் யாவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். முன்பே சேர்ந்த இருவருக்கு மட்டும் கொடுத்த வாக்கைக் காக்கலாம் என்பதே அது. ஆகவே பொதுப்பந்தி வேண்டும் என்பதில் இரு தரப்பாரும் நெருங்கியே வந்திருந்தனர். இடையே நின்றவை இரண்டு பிள்ளைகளும் சில காலமுமே.

ஆனால் அதற்குள் வழக்கம் பற்றிய வினா, பத்திரிகைகளிலும் மேடைகளிலும் சாதிகள் மீதான தாக்குதலாக மாறியிருந்தது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரை வஞ்சகர் என்றனர். மறுபக்கத்தார் இவர்களைத் துவேஷிகள் என்றனர். அவ்வாறு பேசிய பின் விட்டுக்கொடுப்பவன் தோற்றவனாகிவிடுகிறான் அன்றோ? 1925 ஏப்ரலில் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று தீர்மானித்தது. ராஜாஜி முதலியோர் கமிட்டியினின்று விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். ஜூன் தொடக்கத்தில், பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் நீரில் வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்து, 44 வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

சமரசம் என்பது நீதியைப் பாதியாகப் பங்கிடுவதன்று. ஒரே பந்தி என்னும் அறத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அதை அடையும் காலத்திலும் முறையிலும் இடமுண்டு. அந்த இடத்தை முதலில் திறக்க வேண்டியவர், பழைய வழக்கத்தால் பயன்பெற்று நிற்பவரே. கேள்வி எழுந்த அன்றே பந்தி ஒன்றாகியிருப்பின், வசைக்கு வேலை இருந்திராது. கேட்பவரும் வழக்கத்தைச் சாடலாம். எதிரே நிற்கும் மனிதரை இழிவு செய்தல் ஆகாது. நாளை அவரோடும் ஒரே பந்தியில் அமர வேண்டியவர்கள் நாம்.