போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் லிசன், நோட்டிஃபை

லிசன், நோட்டிஃபை இரண்டும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கட்டளைகள். ஒரே தரவுத்தளத்தோடு இணைந்திருக்கும் நிரல்கள் ஒன்றுக்கொன்று நிகழ்வுகளை அறிவித்துக்கொள்ள இவை பயன்படுகின்றன. கேட்பதை நிறுத்த அன்லிசன் என்ற மூன்றாவது கட்டளையும் உண்டு. எஸ்கியூஎல் தரநிலையில் இவை இல்லை. பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் உருவான பழைய போஸ்ட்கிரெஸிலிருந்தே இவை தொடர்ந்து வருகின்றன.

ஓர் உணவகத்தில் கவுன்ட்டரில் பதிவாகும் ஆர்டர் சமையலறைத் திரையில் உடனே தெரிய வேண்டும். சமையலறை நிரல் சில விநாடிக்கு ஒருமுறை அட்டவணையை வினவிப் பார்க்கலாம். அடிக்கடி வினவினால் வழங்கிக்கு வீண் வேலை, இடைவெளி விட்டால் ஆர்டர் தாமதம். அதற்குப் பதிலாக அது ஒரு சேனல் பெயரைச் சொல்லி லிசன் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. கவுன்ட்டர் நிரல் ஆர்டரை அட்டவணையில் சேர்த்த கையோடு அதே சேனலுக்கு நோட்டிஃபை கொடுக்கிறது. சேனலை முன்கூட்டி உருவாக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் ஒரே பெயரைச் சொன்னால் போதும். வந்து சேரும் அறிவிப்பில் சேனல் பெயரும், அனுப்பிய வழங்கிச் செயல்முறையின் எண்ணும், விரும்பினால் சேர்க்கும் ஒரு சிறு செய்தியும் இருக்கும். அனுப்பியவரே கேட்பவராகவும் இருந்தால் தன் அறிவிப்பு தனக்கே திரும்பி வரும். செயல்முறை எண்ணைப் பார்த்து அதைத் தள்ளிவிடலாம். நோட்டிஃபையை ஒவ்வொரு நிரலிலும் எழுதாமல் அட்டவணையில் மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் டிரிகருக்குள் வைக்கலாம். அப்போது எந்த வழியில் ஆர்டர் சேர்ந்தாலும் அறிவிப்பு விட்டுப்போகாது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, அது பரிவர்த்தனையோடு பிணைந்திருப்பது. கமிட் ஆன பிறகுதான் அறிவிப்பு வெளியே போகும். ரோல்பேக் ஆனால் அது பிறக்கவே இல்லை. ஆகவே அறிவிப்பைக் கேட்டு ஓடிவரும் நிரல் அட்டவணையில் இன்னும் சேராத ஆர்டரைத் தேடி ஏமாறாது. தனியான செய்திப் பரிமாற்ற மென்பொருளைத் தரவுத்தளத்தின் பக்கத்தில் வைத்து இதே உறுதியைப் பெறுவது எளிதல்ல. ஒரே பரிவர்த்தனையில் ஒரே சேனலுக்கு ஒரே செய்தியைப் பலமுறை அனுப்பினால் ஒருமுறைதான் போய்ச் சேரும். பல பரிவர்த்தனைகளின் அறிவிப்புகள் கமிட் ஆன வரிசையிலேயே வரும்.

இணைக்கும் செய்தி, இயல்பு அமைப்பில், 8000 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு 6 பைட் ஆகிவிடும். ஆனால் முழு ஆர்டரையும் செய்தியில் திணிக்க நினைப்பதே தவறான தொடக்கம். ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பி, மற்றதை அட்டவணையில் படிக்கச் சொல்வதே முறை. கதவைத் தட்டும் ஓசை போன்றது அறிவிப்பு. சரக்கு உள்ளே கிடங்கில்தான் இருக்கிறது.

காரணம், இணைப்பில் இல்லாதவருக்காக அறிவிப்புகள் சேமித்து வைக்கப்படுவதில்லை. சமையலறையின் இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் வந்தவை போனவைதான். மீண்டும் இணையும்போது முதலில் லிசன் கொடுத்துக் கமிட் செய்ய வேண்டும், பிறகே அட்டவணையைப் படிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், படித்ததற்கும் கேட்கத் தொடங்கியதற்கும் நடுவில் விழும் ஆர்டர் யார் கண்ணிலும் படாது.

தொடக்கத்தில் கேட்பவர்களின் பட்டியல் ஓர் அமைப்பு அட்டவணையில் இருந்தது. 2010இல் வெளியான 9.0 பதிப்பு அதை நீக்கி, வழங்கிக்குள் அறிவிப்புகளுக்கான ஒரு பொது வரிசையைக் கொண்டுவந்தது. அறிவிப்போடு செய்தி இணைக்கும் வசதியும் அப்போது வந்ததே. வரிசையின் வழக்கமான கொள்ளளவு 8 ஜிபி. கேட்கும் அமர்வு ஒன்று நீண்ட பரிவர்த்தனைக்குள் முடங்கிக் கிடந்தால் அதற்கு அறிவிப்பும் போகாது, வரிசையும் காலியாகாது. நிரம்பிவிட்டால் நோட்டிஃபை கொடுத்த பரிவர்த்தனைகள் கமிட் கட்டத்தில் தோற்கும்.

வேறு வரம்புகளும் உண்டு. கமிட் வரிசையைக் காப்பதற்காக, அறிவிப்புள்ள ஒவ்வொரு பரிவர்த்தனையும் கமிட்டின்போது வழங்கி முழுவதற்குமான ஒரே பூட்டை எடுக்கிறது. எழுத்து வேலை மிகுந்த இடத்தில் இது நெரிசலாகும். படிப்பதற்கு மட்டுமான நகல் வழங்கியில் லிசன் செல்லாது. பிஜிபவுன்ஸர் போன்ற இணைப்புப் பகிர்வானைப் பரிவர்த்தனை முறையில் ஓட்டினாலும் லிசன் பயன்படாது; கேட்பவருக்கென்று நிலையான இணைப்பு வேண்டும்.

பிற தரவுத்தளங்களில், ஃபயர்பேர்டின் போஸ்ட் ஈவென்ட் கட்டளையும், ஆரக்கிளின் டிபிஎம்எஸ் அலர்ட் தொகுப்பும் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டிலும் கமிட் ஆன பிறகே அறிவிப்பு போகிறது. எஸ்கியூலைட்டில் மாற்றத்தைச் சொல்லும் கொக்கி (ஹுக்) உண்டு என்றாலும், அது தன் இணைப்பில் நடந்த மாற்றத்தை மட்டுமே சொல்லும், அடுத்த நிரல் செய்ததைச் சொல்லாது.