மீள்காய்ச்சல் – தக்காண வரலாறு

பேனாலும் உண்ணியாலும் பரவும் காய்ச்சல். ஐந்தாறு நாள் அனலாய்க் கொதிக்கும். வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். பிழைத்தோம் என்றிருக்கையில் ஒரு வாரத்தில் திரும்பும். பொரீலியா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிரே காரணம். பேன்வழி வகையைப் பரப்புவது தலைப்பேன் அன்று, உடுத்த துணியின் தையல் மடிப்பில் ஈர் வைக்கும் பேன். அதைச் சீலைப்பேன் என்று தமிழர் தனியே பிரித்துச் சொன்னது எத்தனை பொருத்தம்!

ஹிப்போகிரட்டீஸ் தாசோஸ் தீவில் கண்ட காய்ச்சல் இதுவே என்பார் உண்டு; உறுதி சொல்வதற்கில்லை. கிருமியை 1868இல் பெர்லினில் கண்ட ஓட்டோ ஓபர்மையர் 1873இல் அதை வெளியிட்டார்.

இந்நோயின் இந்திய வரலாறு தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) விரிகிறது. சென்னை, மைசூர், பம்பாய்ப் பகுதிகளோடு நிஜாமின் ஐதராபாத் சீமையும் காய்ந்தது. தக்காணத்துக் கிராமங்களிலிருந்து உடுத்த துணியோடு பம்பாய்க்கு ஓடியவர்களிடம் 1877இல் காய்ச்சல் பற்றியது. அங்கே நுண்ணோக்கியோடு இருந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர்; ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படம் வரைந்தவர். காய்ச்சல் ஏறியிருக்கும்போது இரத்தத் துளியில் சுருள்கள் நெளிந்தன; காய்ச்சல் விட்டதும் மறைந்தன. குரங்குகளுக்கு அந்த இரத்தத்தை ஏற்றி, நோய் வருவதைக் காட்டினார். அவரையும் அந்தக் காய்ச்சல் விடவில்லை. 1882இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘பஞ்சக் காய்ச்சல்’ என்ற பெயரும் இடம்பெற்றது.

பரப்புவது எது என்று அவருக்குத் தெரியாது. பூச்சி நோய் பரப்பும் என்பதற்குச் சான்றாக, 1897 ஆகஸ்டில் ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கார்ட்டர் அதே ஆண்டு மே மாதம் காலமாகியிருந்தார். பேன்மீது குற்றம் சாட்ட மேலும் பத்தாண்டு ஆனது. 1907இல் நாசிக் மிஷன் பள்ளியில், பேன் மிகுந்த சிறுவரிடமே நோய் மிகுந்ததை மருத்துவர் மேக்கி கண்டார். கடியால் அன்று, சொறிகையில் நசுங்கும் பேனின் உடல்நீரால்தான் தொற்று என்று துனிசில் நிக்கோல் குழுவினர் 1912 வாக்கில் காட்டினர்.

காய்ச்சல் ஏன் திரும்புகிறது? உடலின் எதிர்ப்புக்குத் தப்ப, கிருமி தன் மேற்பூச்சை மாற்றிக்கொள்கிறது. 1925இல் சென்னை நோயாளிகளைப் பற்றி கன்னிங்ஹாம் எழுதிய ஆய்வு இதற்கு வழிகாட்டியது. கார்ட்டர் பெயரால் வழங்கிய இந்தியக் கிருமி தனி இனமா என்பதில் கருத்து வேறுபட்டது. இன்று பலர் தனித்துக் கொள்வதில்லை.

உண்ணிவழி வகை காஷ்மீரில் பதிவாகியுள்ளது. பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் நோயைத் தீர்க்கும். பேன்வழி வகை இன்றும் எத்தியோப்பியாவில் உண்டு. 2015இல் ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த அகதிகளிடமும் தென்பட்டது. சீலைப்பேனை ஒழிக்க மாற்றுத் துணியும், கழற்றியதை வெந்நீரில் துவைப்பதும் போதும். தாது வருஷத்து ஏழைக்கு அந்த மாற்றுத் துணிதான் இல்லை.