ஏரியை ஈந்தவர் பெயர்

கோடைக்கானலுக்குச் செல்வோர் 'கோக்கர்ஸ் வாக்' என்னும் நடைபாதையில் உலவாமல் திரும்புவதில்லை. 1872இல் அதனை அமைத்தவர் லெப்டினன்ட் கோக்கர். அவருடைய குடும்பப் பெயரை அங்கே சுண்டல் விற்பவர்கூட நாள்தோறும் உச்சரிக்கிறார். ஆனால், 1863இல் ஓடைகளைத் தேக்கி ஏரியையே உண்டாக்கியவரை எத்தனை பேர் அறிவர்? அவர் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச்.

அந்தப் பெயரின் பிறப்பை ஆராயப் புகுந்தேன். பழைய ஆங்கிலத்தில் 'லியோஃப்' என்றால் அன்பிற்குரியவன். 'இங்' என்னும் விகுதி, வழிவந்தவன் என்று பொருள்படும். இரண்டும் இணைந்த 'லியோஃபிங்' முதலில் ஒருவருக்கு இடும் இயற்பெயராகவே வழங்கிற்று. 1020இல் மறைந்த கான்டர்பரிப் பேராயர் ஒருவருக்கும் இப்பெயரே. பின்னர் அது திரிந்து, தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயராயிற்று. நீங்கள் வகுப்பில் படிக்கும் வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரிலும் இவ்விகுதி ஒளிந்திருக்கிறது! நம்மிடையே தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது. அவர்களிடையே என்றோ வாழ்ந்த ஒரு தந்தையின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது.

லெவிஞ்ச் குடும்பத்தார் அயர்லாந்தில் வேரூன்றியவர்கள். 1704இல் 'பாரனெட்' என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றவர்கள். தமையனார் 1884இல் மறையவே, அப்பட்டம் நம் கலெக்டரை வந்தடைந்தது. மறு ஆண்டே அவரும் காலமானார். பட்டம் அடுத்தவருக்குச் சென்றது. ஏரியை மக்கள் கோடைக்கானல் ஏரி என்றே அழைக்கின்றனர்.