அன்றாட உணவில் பூஞ்சை நஞ்சுகள்: உடல்நல இடரை மதிப்பிடுதல்

பூஞ்சை நஞ்சுகள் என்பவை தானியம், எண்ணெய்வித்து, கொட்டை, மசாலாப் பொருள், பழம் ஆகியவற்றில் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் வேதிப்பொருள்கள். ஓர் உணவில் இந்நஞ்சு எவ்வளவு உள்ளது, அதை யார் எவ்வளவு உண்கிறார்கள், எத்தனை காலம் உண்கிறார்கள், அதனால் எத்தனை பேருக்கு என்ன நோய் வரக்கூடும் என்று கணக்கிட்டு அறிவதே இடர் மதிப்பீடு. நஞ்சு இருக்கிறது என்று சொல்வதோடு இந்த வேலை முடிவதில்லை. பரிசோதனைக் கருவிகள் நுட்பமாகிவிட்டதால் இன்று நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய்த்தூள் போன்றவற்றில் சிறிதளவேனும் நஞ்சைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. அந்தச் சிறிதளவு யாருக்கு எவ்வளவு கேடு செய்யும் என்பதே கேள்வி.

அறியப்பட்டுள்ள பூஞ்சை நஞ்சுகள் பல நூறு. மனிதரின் உணவில் பொருட்படுத்த வேண்டியவை சிலவே. சேமித்த தானியம், காப்பிக்கொட்டை, உலர்திராட்சை ஆகியவற்றில் காணப்படும் ஆக்ராடாக்சின் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. கோதுமையில் உண்டாகும் டிஆக்சிநிவலினால் வாந்தியையும் குடல் எரிச்சலையும் தருகிறது. மக்காச்சோளத்தின் பியூமோனிசின் 1988-இல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. தக்காணப் பீடபூமியில் 1995-இல் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் உண்ட ஊர்களில் பரவிய வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதுவே காரணமாகக் கொள்ளப்பட்டது. அழுகிய ஆப்பிளிலிருந்து சாற்றுக்குள் வருவது பட்டுலின். இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானதும் மிக விரிவாக ஆராயப்பட்டதும் அஃப்ளாடாக்சின் ஆகும். எனவே இடர் மதிப்பீட்டின் முறைகளை அதைக் கொண்டே விளக்குவது பொருத்தம்.

நஞ்சு உண்டாகும் விதம்

அஃப்ளாடாக்சினை முதன்மையாக உண்டாக்குபவை ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்னும் இரு மண்வாழ் பூஞ்சைகள். இங்கிலாந்தில் 1960-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தீவனமாகத் தின்றதே காரணம் என்று தெரியவந்தது. அதைத் தொடர்ந்த ஆய்வில் இந்நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி1, பி2 என்றும், பச்சையாக ஒளிர்பவை ஜி1, ஜி2 என்றும் வகைப்படுத்தப்பட்டன. இவற்றுள் பி1 மிகக் கொடியது.

மானாவாரி நிலக்கடலையில் தொற்று மண்ணுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால் செடி தன் எதிர்ப்பை இழக்கிறது. புழு துளைத்த காய்களிலும் வெடித்த காய்களிலும் பூஞ்சை எளிதில் நுழைகிறது. பறித்த பின்னர் ஈரம் எட்டு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவைக்காமல் மூட்டை கட்டினால் அது மேலும் பரவும். களத்தில் கிடக்கும் கடலை ஒரு மழையில் நனைவதும், சிமெண்டுத் தரையில் பலகையில்லாமல் அடுக்கிய சாக்குகள் அடியில் ஈரம் உறிஞ்சுவதும் போதுமானவை. காம்போடு அம்பாரமாகக் குவித்துப் பழுக்கவிடும் மிளகாயிலும் இதே நிலைதான்.

கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் நம்பத்தக்க அடையாளமன்று. ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தின் எல்லா வகைகளும் நஞ்சு உண்டாக்குவதில்லை. மறுபுறம், பூஞ்சை மடிந்து துடைத்தெடுக்கப்பட்ட பின்னும் நஞ்சு பருப்புக்குள் தங்கியிருக்கும். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் சொத்தைப் பருப்புகளில்தான் பெரும்பகுதி நஞ்சு சேர்கிறது. அவற்றைப் பொறுக்கி எறிவது வீட்டளவில் பயன் தரும் வழி. வேகவைப்பதால் நஞ்சு அழியாது. வறுக்கும்போது ஒரு பகுதி குறையும், முழுவதும் நீங்காது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஆலைகளில் எண்ணெயில் எஞ்சியதும் நீங்குகிறது. சுத்திகரிக்காத செக்கெண்ணெயின் பாதுகாப்பு ஆட்டப்பட்ட கடலையின் தரத்தையே நம்பியிருக்கிறது. செக்கெண்ணெயை நல்லெண்ணத்தோடு தேடி வாங்குவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலில் நிகழ்வது

உண்ட அஃப்ளாடாக்சின் பி1 குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்கிறது. அந்நியப் பொருள்களை வெளியேற்றுவதற்காக உள்ள நொதிகளே இதை வினைத்திறன் மிக்க எபாக்சைடாக மாற்றுகின்றன. அது டி.என்.ஏ.வின் குவானின் மூலக்கூறோடு பிணைந்து மரபுச் செய்தியில் பிழையை உண்டாக்குகிறது. புற்றுக்கட்டியைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249-ஆம் இடத்தில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட மாற்றம், அஃப்ளாடாக்சின் மிகுந்த சீன, ஆப்பிரிக்கப் பகுதிகளின் கல்லீரல் புற்றுநோயாளரிடம் அடிக்கடி காணப்பட்டது.

கல்லீரல் அழற்சி பி வைரசும் இதே உறுப்பைத் தாக்குகிறது. இரண்டும் சேரும்போது விளைவு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக உயர்கிறது. ஷாங்காய் நகரின் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் 1994-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிடுகையில் அஃப்ளாடாக்சின் மட்டும் உடலில் தென்பட்டவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு 3.4 மடங்கு, வைரஸ் மட்டும் உள்ளவருக்கு 7.3 மடங்கு, இரண்டும் உள்ளவருக்கு ஏறத்தாழ 59 மடங்கு. மனித உணவு நஞ்சியலில் இவ்வளவு தெளிவான சான்றுகள் அரிது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதிப்பட்ட முதல் பிரிவில் வைத்துள்ளது.

மிகப் பெரிய அளவில் உண்டால் புற்றுநோய்க்கு முன்பே கல்லீரல் செயலிழக்கும். ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களின் பழங்குடி ஊர்களில் 1974-இல் மஞ்சள் காமாலையும் வயிற்று நீர்க்கோவையும் பரவின. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தனர். அவ்வூர்களின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அறுவடையின்போது மழையில் நனைந்த மக்காச்சோளமே அவர்களின் முதன்மை உணவு. அதில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. கென்யாவின் கிழக்குப் பகுதியில் 2004-இல் 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தனர். அங்கு எடுக்கப்பட்ட மக்காச்சோள மாதிரிகளில் 55 விழுக்காடு அந்நாட்டு வரம்பான கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டின. இரண்டு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டோர் ஒரே தானியத்தை மூன்று வேளையும் உண்ட ஏழைகள். கெட்டதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. இடர் மதிப்பீட்டில் வறுமை ஒரு தனிக் காரணியாக எழுதப்படுவதில்லை. ஆனால் உட்கொள்ளும் அளவு என்னும் கட்டத்தில் அதுதான் முதன்மையாக வெளிப்படுகிறது.

அளவும் கணக்கும்

பெரும்பாலான நஞ்சுகளுக்கு, இந்த அளவுக்குக் கீழே தீங்கில்லை என்று ஓர் எல்லையைக் காண முடியும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, டிஆக்சிநிவலினாலுக்கு உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராம் எனவும், பியூமோனிசினுக்கு 2 மைக்ரோகிராம் எனவும் தாங்கத்தக்க அளவுகளை வகுத்திருக்கிறது. அஃப்ளாடாக்சினுக்கு அத்தகைய எல்லை வகுக்கப்படவில்லை. மரபணுவையே தாக்கிப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளுக்குப் பாதுகாப்பான கீழ் எல்லை இருப்பதாகக் கொள்வதில்லை. ஆகவே, நடைமுறையில் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும் என்பதே நெறி.

எல்லை இல்லை என்றாலும் கணக்கு உண்டு. உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 நானோகிராம் பி1 உட்கொள்ளும் ஒரு லட்சம் பேரில், வைரஸ் தொற்று இல்லாதவராயின் ஆண்டுக்கு 0.01 பேருக்கும், தொற்று உள்ளவராயின் 0.3 பேருக்கும் கல்லீரல் புற்றுநோய் கூடுதலாக வரும் என்று மேற்சொன்ன குழு 1990-களின் இறுதியில் மதிப்பிட்டது. 2016-இல் செய்த மறுமதிப்பீட்டிலும் எண்கள் பெரிதாக மாறவில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 30 கிராம் நிலக்கடலை உண்பதாகவும், அதில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் பி1 இருப்பதாகவும் கொண்டால், அவர் உட்கொள்வது 300 நானோகிராம். அதாவது உடல் எடை கிலோவுக்கு 5 நானோகிராம். ஒரு கோடிப் பேர் இப்படி உண்பதாகவும், அவர்களில் 3 விழுக்காட்டினருக்கு வைரஸ் தொற்று இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், தொற்றில்லாத 97 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேருக்கும், தொற்றுள்ள 3 லட்சம் பேரில் 4 அல்லது 5 பேருக்கும் புற்றுநோய் கூடுதலாக வரும். நூற்றில் மூவராக இருப்பவர்களே மொத்தச் சுமையில் கிட்டத்தட்டப் பாதியைத் தாங்குகிறார்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேறொரு வழியைக் கையாளுகிறது. எலிகளில் புற்றுக்கட்டிகளைப் பத்து விழுக்காடு கூட்டும் அளவின் கீழ் மதிப்பாக, எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 நானோகிராமை அது 2020-இல் எடுத்துக்கொண்டது. இந்த எண்ணை மக்கள் உண்ணும் அளவால் வகுத்தால் வருவது பாதுகாப்பு இடைவெளி. அது 10,000-க்கு மேல் இருந்தால் கவலை குறைவு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது வெறும் 80. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது எத்தனை பேர் பாதிக்கப்படுவர் என்கிறது. இரண்டாவது எந்த உணவுக்கு முதலில் முன்னுரிமை தர வேண்டும் என்று காட்டுகிறது.

பால்

கறவை மாடு தின்னும் பி1, அதன் கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலில் சுரக்கிறது. தின்றதில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு பாலுக்கு வரும். மிகுதியாகக் கறக்கும் மாடுகளில் 6 விழுக்காடு வரைகூட வரலாம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சுள்ள கடலைப் புண்ணாக்கை 2 கிலோ தின்னும் மாடு 10 லிட்டர் கறந்தால், 2 விழுக்காட்டுக் கணக்கில் லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் எம்1 வந்துவிடும். இந்திய வரம்பு 0.5, ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு அதில் பத்தில் ஒரு பங்கு. காய்ச்சினாலும் பாஸ்டராக்கினாலும் எம்1 அழிவதில்லை. புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பாலாடைக்கட்டியில் அது செறிகிறது.

எம்1-இன் புற்றுநோய் ஆற்றல் பி1-இல் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளப்படுகிறது. ஆனால் 12 கிலோ எடையுள்ள குழந்தை, வரம்பை ஒட்டிய பாலை நாளொன்றுக்கு 400 மில்லிலிட்டர் குடித்தால் எடை கிலோவுக்கு ஏறத்தாழ 17 நானோகிராம் உட்கொள்கிறது. அதே பாலை அதே அளவு குடிக்கும் பெரியவருக்கு இது 3 நானோகிராம்தான். குழந்தைகளுக்கான கணக்கைத் தனியே போட வேண்டியதன் காரணம் இதுவே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368-இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அத்தகைய மாதிரிகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 551 மாதிரிகளில் 88. கலப்படத்தைப் பற்றியே பேசிப் பழகிய இடத்தில், தீவனத்தின் வழியே வரும் நஞ்சு கலப்படத்தைவிடப் பெரிய குறை என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. திருத்தம் கடினமானதன்று. கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து எம்1 பெரும்பாலும் மறைந்துவிடும்.

மாதிரி எடுப்பதில் உள்ள சிக்கல்

நஞ்சு ஒரு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. மிகச் சில பருப்புகளில் குவிந்திருக்கும். ஒரே பருப்பில் கிராமுக்கு பத்து லட்சம் நானோகிராம்வரைகூட அளவிடப்பட்டிருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அத்தகைய ஒரு பருப்பு 10 கிலோ நல்ல கடலையில் கலந்தால், மொத்தக் கடலையின் சராசரி கிலோவுக்கு 50 மைக்ரோகிராமாக உயர்ந்துவிடும். அதே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துச் சோதித்தால் நஞ்சே இல்லை என்ற முடிவும் வரலாம். சோதனையில் நேரும் பிழையின் பெரும்பகுதி மாதிரி எடுக்கும் இடத்திலேயே நிகழ்கிறது. எனவே பன்னாட்டு உணவு நெறிமுறையான கோடெக்ஸ், பல இடங்களிலிருந்து திரட்டிய 20 கிலோ நிலக்கடலையை முழுவதும் அரைத்துச் சோதிக்கச் சொல்கிறது.

உணவைச் சோதிப்பதில் உள்ள இந்த ஐயத்தைத் தவிர்க்க, மனித உடலையே அளக்கும் வழியும் உண்டு. இரத்த அல்புமினோடு பிணைந்த அஃப்ளாடாக்சின் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நுகர்வைக் காட்டும். சிறுநீரில் வெளியேறும் எம்1 ஓரிரு நாள்களின் நுகர்வைக் காட்டும்.

வரம்பும் தடுப்பும்

சட்ட வரம்பு என்பது பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இயற்கை கிழித்த கோடு அன்று. உடல்நலம், விளைச்சல், வணிகம், பரிசோதனை வசதி ஆகியவற்றை எடைபோட்டு எடுக்கும் முடிவு அது. உடனே உண்ணும் நிலக்கடலைக்கு இந்தியாவில் மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4. மசாலாப் பொருள்களுக்கு இந்தியாவில் 30. மிளகாய்த்தூளை ஒருவர் சில கிராமே உண்பதால் உயர்ந்த வரம்பு உடல்நலக் கணக்கில் பெரிதாகத் தெரிவதில்லை. முதன்மை உணவான தானியத்தில் அதே அளவு இருந்தால் நிலைமை வேறு. வரம்புகள் சந்தைக்கு வரும் பொருளையே கட்டுப்படுத்தும். தன் நிலத்தில் விளைந்ததைத் தானே உண்ணும் குடும்பத்தை அவை எட்டுவதில்லை.

அத்தகைய குடும்பங்களுக்கு எளிய முறைகளே உதவுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் 20 ஊர்களில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், பத்து ஊர்களின் மக்களுக்குச் சொத்தைக் கடலையைக் கையால் பொறுக்கவும், தரையில் பரப்பாமல் பாயில் உலர்த்தவும், இயற்கை நாரால் ஆன சாக்குகளில் கட்டி மரப்பலகை மேல் அடுக்கவும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் மாதத்தில் அவர்கள் இரத்தத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் பிணைப்பு, மற்ற பத்து ஊர்களின் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தது. நஞ்சு உண்டாக்காத ஆஸ்பர்ஜில்லஸ் வகையை வயலில் தூவி, நஞ்சு உண்டாக்கும் வகையை ஒதுக்கும் முறையும் ஆப்பிரிக்க நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி உணவிலுள்ள நஞ்சைத் தொடுவதில்லை. ஆயினும், மேலே போட்ட கணக்கில் தொற்றுள்ளோரின் பங்கைச் சுருக்குவதால் மொத்த இடரை ஏறத்தாழப் பாதியாக்கும் வலிமை அதற்கு உண்டு. இந்தியாவில் அது குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் பகுதியாகப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படுகிறது.