பாரி மகளிர் வாசலில் சுரைக்கொடி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். எனக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

ஆடிப்பட்டம் வந்ததும் கை சும்மா இருக்காமல் கொல்லையில் மூன்று சுரை விதையும் இரண்டு பீர்க்கு விதையும் ஊன்றினேன். ஒன்றாவது முளைக்கட்டும் என்றுதான் மூன்று போட்டேன். மூன்றும் முளைத்தன. புரட்டாசியில் பந்தல் நிறைந்து, பந்தலிலிருந்து மதில், மதிலிலிருந்து துணிக்கொடி என்று போய், கடைசியில் வீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டர் மேல் ஏறிவிட்டது. அவர் மூட்டுவலி வந்த பிறகு அதைத் தொடுவதில்லை. "நானும் பாரி வள்ளல் ஆயிட்டேன் பாத்தியா" என்று அவருக்கு ஒரே பெருமை. போன வாரம் மட்டும் பதினான்கு காய். கூட்டு, பொரியல், சாம்பார், தோல் துவையல், துருவிப்போட்டு அடை, பிறகு மறுபடி கூட்டு. ஆறாம் நாள் பாரி வள்ளல் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குமா?" என்றார்.

அவர் வாயிலிருந்து பாரி பெயர் வந்ததும் எனக்கு வேறு நினைவு ஓடியது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரைக் கொடுத்தான் என்பதைச் சிறுபாணாற்றுப்படையும் சொல்கிறது. வகுப்பில் அதோடு மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னதில்லை.

பிறகு நடந்தது இது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள். பாரி மாண்டான். அவனுடைய நண்பர் கபிலர் அந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். புறநானூற்றில் 116ஆம் பாட்டு அவருடையது. முள்வேலி போட்ட ஒரு சின்ன வீடு. முற்றத்தில் பஞ்சு கிடக்கிறது. பக்கத்தில் பீர்க்கு முளைத்திருக்கிறது, சுரை படர்ந்திருக்கிறது. அங்கே ஒரு குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று, அந்தப் பெண்கள் தெருவழியே போகும் உப்பு வணிகர்களின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதே பெண்கள் ஒரு காலத்தில் மலையுச்சியில் நின்று, அப்பாவோடு போருக்கு வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். குரங்குகளே தின்று தீர்க்க முடியாதபடி பருவம் தப்பியும் மரங்கள் பழுத்த மலை அது என்கிறார் கபிலர்.

தேர் ஏறியது முல்லை. அரண்மனைக்குக் கட்டுப்படியாகிற கொடி அது. பெண்கள் வந்து சேர்ந்த வீட்டில் இருப்பது சுரையும் பீர்க்கும். ஏழை வீடு என்று தனியாகச் சொல்லாமல் இந்த இரண்டு கொடியைக் காட்டினாலே போதும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு புலவர் நினைத்திருக்கிறார். காரணம் லேசானது. சுரைக்கு நிலம் வேண்டாம். ஒரு குழி, இரண்டு கூடை எரு, பாத்திரம் கழுவின தண்ணீர் போதும். மீதிக்குக் கூரை இருக்கிறது. நிலமில்லாதவனுக்குக் கூரைதான் வயல்.

அந்தச் சுரை நம் ஊர்ச் செடியும் இல்லை என்பது வேடிக்கை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மனிதன் வளர்த்த மிகப் பழைய செடிகளில் ஒன்று. காய்ந்த சுரைக்காய் கடலில் பல மாதம் மிதந்த பிறகும் உள்ளே விதை முளைக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படி மிதந்தே அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போயிருக்கலாம் என்று 2014இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இந்தப் பக்கமாக இந்தியாவுக்கும் எப்போதோ வந்து, கபிலர் காலத்துக்குள் நம் வேலியில் ஏறிவிட்டது. பறங்கிக்காய் எதிர்த்திசையில் வந்தது. மெக்சிகோவில் ஒரு குகையில் ஏறத்தாழ 10,000 வருஷம் பழைய பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. நமக்கு அந்தக் குடும்பத்துக் காய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் கிடைத்தது. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, பறங்கிக்காய் மூன்றிலும் இருக்கிற பறங்கி அவர்கள்தான். மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையார் தலையில் வைக்கிற மஞ்சள் பூ பறங்கிப்பூவாக இருந்தால், அந்தப் பூவும் அமெரிக்காக்காரிதான். வெண்பூசணிக்கும் மஞ்சள் பூதான் என்பதால் வழக்கம் எவ்வளவு பழையது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

இனி, காய்த்துக் குவிந்ததை அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? எல்லாக் கொடியும் ஒரே மாதிரி இல்லை. வெண்பூசணி உடம்பில் சாம்பல் பூத்த மாதிரி மெழுகு இருக்கும். உறியில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. முற்றின பறங்கியும் பரணில் கிடக்கும். பாகல், அவரை எல்லாம் உப்பு மோரில் போட்டு வெயிலில் காய்ந்தால் வத்தல். சுரை இதில் எதற்கும் பிடிகொடுக்காது. பெரும்பகுதி தண்ணீர். பிஞ்சாகப் பறித்தால் நாலு நாள், அதற்குமேல் தோல் சுருங்கிவிடும். பறிக்காமல் விட்டால் முற்றிக் குடுக்கையாகும்.

குடுக்கைக்கும் வேலை இருந்தது. விதைநெல்லும் பயறும் சாம்பல் கலந்து அதில்தான் வைப்பார்கள். பாம்பாட்டியின் மகுடிக்கு உடம்பு அதுதான். வீணையின் மேல்பக்கத்துக் குடமும் முன்பு சுரையில்தான் செய்தார்கள். என் அண்ணன் கிணற்றில் நீச்சல் பழகினது முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டுதான். பெண்பிள்ளை என்று எனக்குக் கட்டிவிடவில்லை. இன்றுவரை எனக்கு நீச்சல் தெரியாது. அது கிடக்கட்டும்.

ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை குடுக்கை வேண்டும்? இன்னொரு சிக்கலும் உண்டு. கொடியில் ஒரு காயை முற்ற விட்டால், விதை கிடைத்துவிட்டது என்று கொடி ஓய்ந்துவிடும், புதுப்பிஞ்சு குறையும். தொடர்ந்து காய் வேண்டுமென்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். பறித்ததைத் தின்ன வேண்டும், அல்லது யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். வேறு வழி இல்லை. (நறுக்கும்போது ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காய் முழுவதையும் கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு விஷம். வேகவைத்தாலும் போகாது.)

எங்கள் தெருவில் கொடுப்பதற்கு முறை இருந்தது. காய் போகிற கிண்ணமோ முறமோ வெறுமனே திரும்பி வரக்கூடாது. நான்கு பச்சைமிளகாயாவது, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையாவது அதில் இருக்கும். கொடுத்தவர் மறந்தாலும் வாங்கினவர் மறக்க மாட்டார். சுரை காய்த்தவள் அவரை காய்த்தவளுக்குக் கடன்காரி, மறுமாதம் அது மாறும். நான் சின்ன வயதில் இதை அன்பு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

1986இல் எனக்கு வேலை கிடைத்தது சிங்கம்புணரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில். பள்ளிக்கூடத் திண்ணையில் நின்றால் பிரான்மலை தெரியும். பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். காலனிப் பிள்ளை. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், தன் கை நீளத்துக்கு ஒரு சுரைக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கூர முழுக்கக் காய்ச்சுக் கெடக்கு டீச்சர். எங்காத்தா உங்களுக்குக் குடுக்கச் சொல்லுச்சு."

பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கையில் வாங்கவில்லை.

"யாரு வீட்டுக் காய்?"

சொன்னேன். திண்ணையில வை என்றாள். அது திண்ணையிலேயே கிடந்தது. மறுநாள் மாட்டுக்குப் போய்விட்டது.

"சந்தையில வாங்குற காய் யாரு வீட்டுக் காய்னு கேட்டா வாங்குறோம்?" என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது, வாய் துடுக்கு. அம்மா கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னாள். "அது காசு குடுத்து வாங்குறது. அதோட முடிஞ்சு போச்சு. இது சும்மா குடுக்குறது. வாங்கினா நாளைக்கு நாம குடுக்கணும். அவங்க வாங்க வருவாங்க. எங்க நிக்க வச்சுக் குடுப்ப?"

டிப்ளமோவில் சமூகம் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்த எதுவும் இந்த நாலு வரிக்கு உறைக்காது. அம்மாவுக்குக் காயில் தீட்டு இல்லை. கிண்ணம் திரும்பிப் போகிற வழிதான் அவளுக்குப் பயம். எங்கள் தெருவில் யார் யாருக்குள் கிண்ணம் போய் வந்தது என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். ஒரு தெருவைத் தாண்டி அது போனதே இல்லை. அதே அம்மா பிரசவம் பார்க்கவும் சாவுக்குப் போகவும் ஓடுகிறவள். அதையும் சொல்லவேண்டும். அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

மறுநாள் அந்தப் பிள்ளை கேட்டாள், "காய் எப்படி டீச்சர் இருந்துச்சு?"

"கூட்டு வச்சோம். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

பொய்க்குப் பலன் அடுத்த வாரமே வந்தது. இரண்டு காய். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நேராகச் சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்தேன். காய் வாங்க ஒதுக்குகிற காசு எப்போதும் பற்றாது என்பதால் ஆயா எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் சுரைக்காய். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் ஒரு தட்டு வாங்கி அந்தப் பெண் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன். யார் வீட்டுக் காய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "இது உங்க கிளாஸ்ல இவ வீட்டுக் காய்" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால் எந்த வீட்டிலிருந்து யார் சண்டைக்கு வருவார்கள் என்ற கணக்கு என் வாயைக் கட்டிவிட்டது. அம்மாவைக் குறை சொன்ன வாய்தான் அது.

பள்ளிக்கூட அடுப்புக்குக் காய் வருவது புதிது இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டுப் பள்ளிகளுக்குப் பொருள் சேர்த்தவர். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பெரிய அளவில் அரசே பொறுப்பேற்றது. வரலாற்றுப் புத்தகத்தில் இது பசியின் கதையாக, வருகைப்பதிவின் கதையாக இருக்கிறது. சரிதான். நான் நின்று பார்த்த இடத்திலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஊரில் எந்த வீட்டுச் சுரைக்காயும் எந்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்கும் போய்ச் சேர அந்த ஒரு பாத்திரம்தான் இருந்தது.

அந்தப் பெண் ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போனாள். எனக்கு மாற்றல் வந்தது. பிறகு பார்க்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு வீட்டில் "ஃபிரிட்ஜ்ல எடமில்ல டீச்சர்" என்றார்கள். ஒரு வீட்டில் பூட்டு. ஒரு பையன் செல்போனிலிருந்து நிமிராமல் "ஆன்ட்டி, எவ்ளோ?" என்று கேட்டான். காசு இல்லப்பா, சும்மாதான் என்றதும் சந்தேகத்தோடு பார்த்து, வாங்கி வைத்தான். நாலாவது வீட்டுப் பெண் எங்கள் ஊருக்குப் புதிது. எந்த ஊர், என்ன மனிதர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வந்ததை அடக்கிக்கொண்டேன். அடக்கவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கிறீர்கள் அல்லவா, இத்தனை வயதுக்கு மேலும். அவர் மட்டும் சாயங்காலம் என் பையைத் திருப்பிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம். "உள்ள வாங்கம்மா" என்றேன். சமையலறை வரைக்கும் வந்து காபி குடித்துவிட்டு, கொடியைப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று காலை கேட்டுக்கு வெளியே பெஞ்சில் ஒன்பது சுரைக்காய் வைத்திருக்கிறேன், பீர்க்கு ஒரு கூடை. பறித்து ஒரு நாள்தான் ஆகிறது. மதுரையில் எங்கள் பக்கம் இருக்கிற நண்பர்கள் உள்பெட்டியில் கேட்டால் வழி சொல்கிறேன். பை கொண்டு வாங்க. விதை வேண்டும் என்கிறவர்கள் தை மாதம் வரை பொறுங்கள். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் ஒரு காயை முற்ற விட்டிருக்கிறேன். அதைப் பார்த்தாவது மற்ற கொடி கொஞ்சம் ஓயாதா என்று வீட்டுக்காரர் தினமும் தட்டிப் பார்க்கிறார்.