மிளகும் மிளகாயும்



பள்ளியில் வரலாறு கற்பித்த நாட்களில் மாணவர்களிடம் நான் ஒரு வினா விடுப்பதுண்டு: "முதலாம் இராசராசன் உண்ட குழம்பில் காரம் எதனால் வந்தது?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "மிளகாய்!" என்னும். இல்லை என்றால் சிரிப்பார்கள். மிளகாய் இல்லாத அடுக்களையை எண்ணிப் பார்க்க அவர்களால் இயலவில்லை. பெரியவர்களிலும் பலர் அவ்வாறே நினைக்கின்றனர்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு வேண்டிய பொருள்கள் கணக்காக வெட்டப்பட்டுள்ளன. நெய், தயிர், புளி, உப்பு, கடுகு, சீரகம், மிளகு எல்லாம் உண்டு; மிளகாய் இல்லை. இருக்கவும் இயலாது. அச்செடி அன்று அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியேறவில்லை. நமக்குக் காரம் தந்தது மலைநாட்டு மிளகே. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலேயே இருக்கிறது.

அந்த மிளகையும் பிற வாசனைப் பண்டங்களையும் நாடித்தான் 1492இல் கொலம்பசு மேற்கே கப்பலோட்டினார். அவர் இந்தியாவை அடையவில்லை; மிளகையும் காணவில்லை. தீவு மக்கள் தின்ற ஒரு காரக்காயைக் கண்டு, அதையும் மிளகின் இனமாகவே கொண்டார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். 1510இல் கோவா போர்த்துக்கீசியர் கைப்பட்டது. அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அந்தக் காய் நம் மேற்குக் கரையில் இறங்கியது. வேடிக்கை என்னவெனில், 1542இல் செருமானியத் தாவர அறிஞர் லியோனார்ட் ஃபுக்ஸ் அதன் படத்தை அச்சிட்டபோது, அதைக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று குறித்தார். விருந்தாளியை வீட்டுக்காரன் என்று எண்ணியவர்கள் நாம் மட்டுமல்லர்!

எங்கள் திருவண்ணாமலையில் இக்காலத்தை அளப்பது எளிது. 217 அடி உயரமுள்ள கிழக்கு இராசகோபுரத்தைத் தொடங்கியவர் கிருட்டிணதேவராயர்; அவர் ஆட்சி 1509 முதல் 1529 வரை. முடித்தவர் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர். அக்கோபுரத்துக்குக் கடைக்கால் வெட்டிய கூலியாளின் கஞ்சிக் கலயத்தருகே பச்சைமிளகாய் இருந்திராது என்றே கொள்ளலாம்.

பெயரே இதற்குச் சான்று. மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய். தெலுங்கர் மிரியாலை ஒட்டி மிரபகாய் என்றனர். கன்னடர் மெணசை ஒட்டி மெணசினகாய் என்றனர். மலையாளத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. வந்தவன் 'முளகு' என்ற பெயரையே பறித்துக்கொள்ள, பழைய முளகு 'குருமுளகு' ஆயிற்று. ஈழத் தமிழர் 'கொச்சிக்காய்' எனவும் வழங்குவர்.

இத்துணை விரைவாக அது எங்ஙனம் வென்றது? கொல்லைப்புறத்தால் என்பேன். மிளகுக் கொடிக்கு நல்ல மழையும் நிழலும் வேண்டும். அண்ணாமலையின் காய்ந்த அடிவாரத்தில் அது படராது. காசு கொடுத்தே வாங்கவேண்டும். மிளகாய்க்கோ கிணற்றடியில் இரண்டு முழ இடம் போதும். ஒரு வற்றலை உதிர்த்து, விதையைச் சாம்பலில் பிசறித் தெளித்தால் பத்து நாளில் முளைக்கும். ஐந்தாறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். பாத்திரம் கழுவிய நீரே பாசனம். நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். ஆகவே எங்கள் வீட்டில் மேட்டுப்பாத்திதான். இலைப்பேன் பற்றி இலை சுருண்டால் புளித்த மோரைக் கரைத்துத் தெளிப்பார்கள். வேலியோரத்து ஊசிமிளகாயை யாரும் நடவில்லை. காரம் பறவையின் நாவுக்கு உறைப்பதில்லை. அது பழத்தை விழுங்கி விதையைப் போட்டுச் செல்கிறது. மனிதருக்கு உறைக்கும் அப்பொருள் விதையில் உண்டாவதன்று. விதை ஒட்டியிருக்கும் வெண்சதையில் சுரப்பது.

கப்பல் கப்பலாகப் பொன்னுக்கு விற்ற காரம் இவ்வாறு ஏழையின் புறக்கடையில் செலவின்றிக் காய்த்தது. போர்களையும் பட்டங்களையும் எழுதிய நம் பாடநூல்கள் இதை ஒரு வரியிலும் சொல்லாதது எனக்கு நெடுநாளைய மனக்குறை. பழைய சோற்றுக்கு உப்பும் ஒரு பச்சைமிளகாயும் இருந்தால் உழவனுக்குக் காலை உணவு முடிந்தது. அதில் வைட்டமின் 'சி' மிகுதி. அங்கேரிய அறிஞர் சென்ட்-கியோர்கி அச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்ததும் மிளகாய் இனத்துக் காயிலிருந்தே. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சித்திரை வெயிலில் எங்கள் தெருவில் பாய் விரித்து மோர்மிளகாய் போடுவார்கள். காயைக் கீறி, உப்பிட்ட தயிரில் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, இரவில் மீண்டும் அதே தயிரில் இடுவர். தயிர் வற்றும்வரை இது நடக்கும். காரம் தணிவதும் தயிரால்தான்; தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது.

ஆயினும் இரண்டு இடங்களில் பழைய மிளகு தன் இருக்கையை விடவில்லை. கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் மிளகாய் நுழைவதில்லை. பல குடும்பங்களில் திவசச் சமையலிலும் அதற்கு இடமில்லை. முன்னோர் அறியாத பண்டத்தை அவர்களுக்குப் படைப்பானேன் என்பது இதன் கருத்தாகலாம். எங்கள் வீட்டிலும் அன்று அம்மியில் மிளகுதான் அரைபடும். பேரப்பிள்ளைகள், "தாத்தா, காரமே இல்லையே!" என்று முகம் சுளிப்பார்கள். மறுநாள் காலையில் கொல்லைக்குச் சென்று நான்கு மிளகாய் பறித்து வருவதும் அவர்களே.